உப்பில்லா விரதமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

சென்ற ஆண்டு தை மாதம், பூசத்துக்குச் சில நாட்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கொடைக்கானல் கடைவீதியில் ஒரு கம்பளித் துணிக்கடையின் மாடிக் கூடத்தில் இது நடந்தது. முருகன்மீது பழம்புலவர்கள் பாடிய பாடல்களை நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் அந்தக் கூடத்தில் கூடிப் பாடி வருகிறோம். எனக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அச்சம் போக்கும் பாடல்கள் என்று போற்றப்படுகிறவற்றையே வாழ்நாள் முழுவதும் ஓதி வந்தவன் நான். அஞ்சுவது என்றால் என்ன என்பதை அன்றுதான் உடம்பால் அறிந்தேன்.

மார்கழியும் தையும் மலைமேல் எப்படி இருக்கும் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல் உறைபனி கிடக்கும். காற்றில் ஈரமே இராது. தேங்காயெண்ணெய் கல்லாக இறுகிவிடும். அடுப்பருகே வைத்தால்தான் உருகும். வயதானவர்களின் தோல் அந்த நாட்களில் படும் பாடு கொஞ்சமன்று. என் மனைவிக்குக் கைகளிலும் முழங்காலுக்குக் கீழேயும் தோல் செதில் செதிலாக வறண்டு, சொறிந்த இடமெல்லாம் கோடுகோடாக வெடித்திருந்தது. இரவில் கம்பளிக்குள் அவள் கால்களைத் தேய்த்துக்கொள்ளும் ஓசை எனக்குக் கேட்கும்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் பழனியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மையார். அடிவாரத்தில் பூசைப் பொருட்கள் விற்ற குடும்பம். என்னை அண்ணன் என்றும் என் மனைவியை மதினி என்றும் முறை வைத்து அழைப்பவர். அவர்தான் ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் என் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மதினி, பலாப்பழத் தோலாட்டம் கெடக்கு? இந்தக் கையப் பிடிச்சா அண்ணனுக்குல்ல முள்ளு குத்தும்.”

கூடமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். ஆனால் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மையார் தம் கன்னத்தைக் காட்டி, இந்தப் பளபளப்பு முழுக்கத் தண்ணீரால் வந்தது, நிறையத் தண்ணீர் குடித்தால் தோலும் மினுங்கும், உடம்பில் இருக்கும் கசடெல்லாம் போய்விடும் என்று சொல்லி, கைபேசியில் அதைப் பற்றிய காணொளி ஒன்றையும் காட்டினார்.

அன்றுமுதல் என் மனைவி தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். குளிரில் தாகம் எடுக்காது; அதனால் மறந்துவிடும். மறக்காமலிருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாள்தோறும் அவள் ஓதும் பாடல் ஓர் அந்தாதி. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்த பாட்டுத் தொடங்கும்; நூறு பாட்டும் ஒரு மாலைபோலக் கோத்திருக்கும். பத்துப் பாட்டு முடிந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் என்று அவள் வைத்துக்கொண்டாள். நாவும் உலராது, தோலும் தேறும் என்பது அவள் கணக்கு. ‘இறைவன் பெயரோடு உள்ளே போகிற நீர் அல்லவா’ என்று எனக்கும் அது அழகாகவே பட்டது.

இதே நாட்களில் அவள் உப்பில்லா விரதமும் ஏற்றிருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் நெடுங்காலம் காத்திருந்து கருவுற்றிருந்தாள். மாசியில் பேறு என்று சொல்லியிருந்தார்கள். அது நல்லபடியாக முடிய வேண்டுமென்று, பூசம் வரையில் உப்புச் சேர்க்காமல் ஒருவேளைச் சோறும் இருவேளைப் பாலும் பழமும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பூசம் நெருங்க நெருங்கப் பாராயணம் கூடியது. காலையில் மட்டும் ஓதியவள் மாலையிலும் ஓதினாள். பிறகு உச்சிப்பொழுதிலும் ஓதினாள். பாட்டோடு தண்ணீரும் கூடியது. இரத்தக் கொதிப்புக்காக அவள் நாள்தோறும் விழுங்கி வந்த மாத்திரை, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கின்ற வகை. இவை மூன்றும் ஓர் உடம்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் தலைவலி வந்தது. பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டல். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டாள். விரதத்தின் களைப்பு என்றாள். நானும் அப்படியே எண்ணினேன். “வெறும் வயித்துக்குத் தண்ணி நல்லதுங்க, அதுதான் என்னைய நிப்பாட்டி வச்சிருக்கு” என்று சொல்லி இன்னும் ஒரு டம்ளர் குடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூசையறையில் திரி சடசடவென்று வெடித்து அணைந்தது. போய்ப் பார்த்தேன். அகலில் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் நின்றது. அவள் கையில் வெந்நீர்ச் சொம்பு இருந்தது. அணைந்த விளக்கைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. இவ்வளவு காலத்தில் அவள் கையால் ஒரு விளக்கு அணைந்ததில்லை. அகலைத் துடைத்து எண்ணெய் வார்த்து நானே ஏற்றினேன். என்ன அபசகுனமோ என்று மகளை எண்ணித்தான் அஞ்சினேனே அன்றி, அருகில் நின்றவளை எண்ணவில்லை.

கூடத்துக்கு வந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. கீழே கம்பளிக்கடை பாய், ஞாயிறுதோறும் செய்வதுபோல, நாங்கள் படியேறியதும் வானொலியை அணைத்தார். பாட்டுத் தொடங்கியது. அந்தாதியை எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் மனைவிதான். கணீரென்ற குரல் அவளுக்கு. ஒரு பாட்டை அவள் முடிப்பாள். அதன் கடைச்சொல்லைப் பற்றிக்கொண்டு நாங்கள் அடுத்த பாட்டுக்குள் நுழைவோம்.

நடுவே ஓரிடத்தில் அவள் நின்றாள். முடித்த பாட்டின் கடைச்சொல்லைச் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னாள். அதுதான் அடுத்த பாட்டின் முதற்சொல். உறக்கத்தில் தட்டி எழுப்பினாலும் தொடர்வாள். ஆனால் அன்று அந்தச் சொல்லையே கையில் வைத்துக்கொண்டு, கதவு தெரியாத அறையில் நிற்பவள்போல, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உடம்பு முன்னும் பின்னும் அசையத் தொடங்கியது. கண்கள் எங்கோ நிலைத்தன. கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

அம்மையார் எழுந்து நின்று இரு கைகளையும் தலைமேல் கூப்பினார். “எல்லாரும் எந்திரிங்க. மதினிமேல வந்துருச்சு.”

அருள் வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் கருதினார்கள். நானும் கருதினேன். என் உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு காலம் பாடியதற்கு, இந்த எளிய கூடத்துக்கு, என் வீட்டுக்காரியின் உடம்பில் அவன் இறங்கி வந்தானே என்று நெஞ்சு உருகி நின்றேன். அவள் நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஒருவர் சாம்பிராணி போட்டார்.

“யாரு வந்திருக்கீங்க சாமி?” என்று அம்மையார் கேட்டார்.

அவள் உதடுகள் அசைந்தன. “தண்ணி.”

ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் வந்தது. அதை இரு கைகளாலும் பற்றி அவள் முழுவதும் குடித்தாள். நஞ்சை நாங்கள் பக்தியோடு ஏந்திக் கொடுத்தோம்.

எழுந்து நின்றவர்களில் ஒரு பெண்மணி முன்னால் வந்து, “எம் மகனுக்கு வெளிநாட்டுச் சோலி கெடைக்குமா சாமி?” என்று கேட்டார்.

“தண்ணி” என்றாள் என் மனைவி மீண்டும்.

“தண்ணிங்கிறாக. கடல் தாண்டிப் போவான்னு வாக்கு” என்று அம்மையார் விளக்கம் சொன்னார். அந்தப் பெண்மணி தரையில் விழுந்து வணங்கினார். இன்னொரு சொம்பு நிரப்பப்பட்டது.

அதை நீட்டியவன் நான்தான். அப்போதுதான் அவள் முகத்தை மிக அருகில் பார்த்தேன். அந்த முகத்தில் யாரும் வந்திருக்கவில்லை. அங்கிருந்தவள்தான் வெளியேறிக்கொண்டிருந்தாள். “நீங்க யாருங்க?” என்று என்னைக் கேட்டாள். பின்னால் ஒருவர், “சாமிக்கு ஏது புருசன்” என்று மெல்லச் சிரித்தார். அவள் குரலில் தெய்வத்தின் அதட்டல் இல்லை; சந்தையில் தொலைந்துபோன குழந்தையின் குரல் அது. அவள் வாய்வழியே வந்திருப்பவன் முருகனே என்றால், தன்னைப் பாடிய பாட்டில் அடுத்த சொல் அவனுக்கா தெரியாமல் போகும் என்ற எண்ணம் ஒரு கணம் மின்னியது. உடனே, இப்படி ஐயுறுவதே பெரும்பிழை ஆயிற்றே என்ற அச்சமும் வந்தது. அதையும் மீறி, அவளை இழந்துவிடுவேனோ என்ற வேறோர் அச்சம் சொம்பை நீட்டிய என் கையைத் தானாக நிறுத்தியது.

“குடுங்கண்ணே, கேக்கறதக் குடுத்துருங்க. சாமி மலையேற நேரமாகும். அதுவரைக்கும் ஒடம்பத் தொடாதீங்க” என்றார் அம்மையார்.

நான் கொடுக்கவில்லை. அவள் குடித்த நீரெல்லாம் அப்போதே வாய்வழியாக வந்தது. கண்கள் மேலே செருகின. பற்கள் கிட்டின. கையும் காலும் தரையில் அடித்துக்கொண்டன. அருள் வந்தவர்கள் ஆடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது ஆட்டம் அன்று. வாயோரத்தில் இரத்தம் கலந்த நுரை வந்தது.

படிக்கட்டில் பாயின் தலை தெரிந்தது. “பாட்டு நின்னு போச்சே அய்யா, என்ன சங்கதி?” என்றவர் தரையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தார். “ஜீப்பு வாசல்லதான் நிக்கிது” என்றார்.

“பாய், சாமி எறங்குன ஒடம்பு. மலையேறாம வாசப்படி தாண்டக் கூடாது” என்று அம்மையார் குறுக்கே நின்றார். அவர் கண்களிலும் அச்சம்தான் இருந்தது. அவர் எங்களைக் காக்கத்தான் நின்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன முடிவெடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. “அது நீயாகவே இருந்தால் என்னைப் பொறுத்துக்கொள்” என்று மட்டும் மனத்துக்குள் சொன்னது நினைவிருக்கிறது. அவள் தோள்களின் கீழ் கை கொடுத்துத் தூக்கினேன். அதன்பின் அம்மையாரும் வழிவிட்டு, தாமே அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அருகில் இருந்த சிறிய மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். ஊசி போட்டதும் வலிப்பு அடங்கியது, நினைவு திரும்பவில்லை. என்ன சாப்பிடுகிறார், என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

“தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?”

“அதெல்லாம் நல்லாக் குடிப்பாக டாக்டரம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார் அம்மையார்.

“உப்பு?”

விரதத்தைச் சொன்னேன். மருத்துவரின் முகம் மாறியதைக் கண்டேன். இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்பு மிகவும் நீர்த்துப்போயிருக்கும் போலிருக்கிறது, அதனால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம், குழப்பமும் வலிப்பும் அதனால்தான் என்றார். உடனே கொஞ்சம் அடர்த்தியான உப்பு நீரை நரம்பில் ஏற்ற வேண்டும். பிறகு அடிக்கடி இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே மெதுவாக உயர்த்த வேண்டும். குறைவாக ஏற்றினாலும் ஆபத்து, விரைவாக ஏற்றினாலும் ஆபத்து. அப்படிச் சோதிக்கும் வசதி தம்மிடம் இல்லை, உப்பு நீரை இங்கே தொடங்கிவிட்டுக் கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். அவர்களுடைய ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு கீழே இறங்கியிருந்தது. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மையார் என் கையைப் பற்றினார். “அண்ணே, விரதம் முறிஞ்சுருமே. வயித்துப்புள்ளக்காரி அங்க இருக்காளே.”

இந்த ஒரு சொல் என்னைக் குத்தியதுபோல் வேறெதுவும் குத்தவில்லை. தாய்க்கு உப்பு, மகளுக்கு என்ன? ஒரு பக்கம் கட்டிலில் கிடக்கும் உயிர். மறுபக்கம் இன்னும் பிறக்காத உயிர். தெய்வம் அப்படியெல்லாம் பழிவாங்குமா என்று இன்று அமைதியாக உட்கார்ந்து கேட்க முடிகிறது. அன்று கேட்க முடியவில்லை. “ஏத்துங்கம்மா” என்று நான் சொன்னது மருத்துவருக்குக் கேட்கவில்லை. மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

பாயின் ஜீப்பில் பின் இருக்கையை மடக்கி அவளைக் கிடத்தினோம். செவிலி ஒருவர் மருந்துப் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உடன் வந்தார். அம்மையாரும் ஏறிக்கொண்டார். முற்பகலில் அடித்த வெயில் எங்கே போயிற்றோ, ஏரியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டாலும் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அவள் மூச்சு குறட்டைபோல் இழுத்தது. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே நான் என் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

ஓதலாம் என்று வாய் திறந்தேன். ஓர் அடிகூட வரவில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தவன். இடர் வரும்போது துணைவரும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன். அத்தனையும் பனியோடு கரைந்து போய்விட்டன. முன்னால் பாயின் உதடுகள் ஓசையின்றித் தம் வழியில் ஓதிக்கொண்டிருந்தன. அம்மையாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் வெறும் நாக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வளைவில் வண்டி நின்றது. பனிக்குள் கரிய பாறை ஒன்று சாலையின் நடுவே நின்றது. அந்தப் பாறை தலையைத் திருப்பியது. காட்டுமாடு.

“ஹார்ன் அடிங்க பாய்” என்றார் செவிலி.

“அடிச்சாப் பாஞ்சிரும்மா. அது போறப்பதான் நாமளும் போகணும்.” பாய் விளக்கைத் தணித்தார். அந்த விலங்கு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதன் மூச்சு புகைபோல் வெளிவந்தது. பின்னால் என் மனைவியின் மூச்சு மெலிந்துகொண்டே போனது. யமனின் ஊர்தி எருமை என்று சிறுவயதுமுதல் படித்தவனுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அது சரிவில் இறங்கியது. செடிகள் முறியும் ஓசை கேட்டது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பெருமாள்மலையில் சாலை பிரிகிறது. ஒன்று வத்தலக்குண்டு வழியாகப் பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஊர்களுக்குப் போகிறது. மற்றொன்று பழனிக்கு இறங்குகிறது. அங்கே வந்ததும் அம்மையார் அழுகை கலந்த குரலில் சொன்னார்: “பாய், பழனி ரோட்டுல திருப்புங்க. அவன் சந்நிதியில கொண்டுபோயிப் போட்டுருவோம். விரதத்தையும் முறிச்சாச்சு. இனி அவன் பாத்துக் குடுத்தாத்தான்.”

செவிலி ஏதோ கோபமாகச் சொன்னார். பாய் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அய்யா, நீங்க சொல்றதுதான்.”

பழனிச் சாலையின் வாய் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. என் கால்கள் நடந்தே பழகிய திசை அது. வாழ்வில் எந்தத் துன்பம் வந்தாலும் அந்தத் திசை நோக்கித்தான் திரும்பியிருக்கிறேன். அன்று முதன்முறையாக அதற்கு முதுகு காட்டப் போகிறேன் என்று உள்ளம் நடுங்கியது. இதில் நான் தவறினால், அதைச் சொல்லி அழவும் எனக்கு ஒரு சந்நிதி மிஞ்சாது. அவள் கை என் கையில் கிடந்தது, சில்லிட்டிருந்தது.

“வத்தலக்குண்டுக்கே விடுங்க பாய்” என்றேன். பனியைப் பார்த்துக் கைகூப்பினேன். வண்டி இறங்கியது.

கீழே ஒரு பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். உப்பைச் சொட்டுச் சொட்டாக உயர்த்தினார்கள். அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். அச்சம் அங்கே முடியும் என்று எண்ணியிருந்தேன். அதைவிடக் கொடியது ஒன்று காத்திருந்தது. நினைவு பாதி திரும்பியதும் அவள் தண்ணீர் கேட்கத் தொடங்கினாள். ஒரு வாய்கூடக் கணக்கில்லாமல் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஏங்க, ஒரு வாய் தண்ணி. எதிராளிக்குக்கூடக் குடுப்பாகளே.”

தாகம் என்றவர்க்கு நீர் மறுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எத்தனை பாடல்களில் படித்திருக்கிறேன். தண்ணீர்க் குவளையைத் திரைக்கு அப்பால் மறைத்து வைத்துவிட்டு, நனைத்த பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தேன். அந்தப் பஞ்சைப் பற்களால் கவ்விக்கொண்டாள். விடுவிக்க முடியவில்லை.

“அண்ணங்கிட்டச் சொல்லிருவேன். வெளியதான் நிக்கிது” என்றாள்.

அவளுடைய அண்ணன் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவள் கைகாட்டிய கதவின் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் காலை சோதனை முடிவு தேறியிருப்பதாகச் சொன்னார்கள். அதன்பின் ஒரு வேளையில் அவள் என்னை உற்றுப் பார்த்து, “என்னங்க, சவரம்கூடப் பண்ணாம” என்றாள். நான் வெளியே போய், நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் அங்கே பெஞ்சில் படுத்திருந்தார். கடையைத் திறக்கவே போகவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து தேநீர் வாங்கப் போனார்.

உப்புப் போட்ட கஞ்சியை முதலில் நீட்டியபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். விரதம் முன்பே முறிந்துவிட்டது, முறித்தவன் நான் என்று சொன்னேன். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

“கோவிச்சுக்கிறதா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் கோவிச்சுக்கட்டும். புள்ளைய விட்ரட்டும்” என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

வீடு திரும்பிய பிறகும், மாசியில் மகளுக்குப் பேறு ஆகும் வரையில், கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அமர்ந்திருப்போம். பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. பூசத்துக்குச் செல்ல முடியாத நாங்கள் பங்குனியில் பழனிக்குச் சென்று படியேறினோம். சந்நிதியில் நான் எதுவும் ஓதவில்லை, நின்றேன், அவ்வளவுதான்.

தண்ணீர் கெடுதல் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தேவைக்குக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் வயதானவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், உப்பைக் குறைத்தோ நிறுத்தியோ விரதம் இருப்பவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிரால் வறண்ட தோல் குடிக்கும் நீரால் அவ்வளவாகத் தேறுவதில்லையாம். குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தேய்ப்பதே போதும் என்று மருத்துவர் சொன்னார். அப்படித்தான் இப்போது செய்கிறாள். தேங்காயெண்ணெயை உருக்கிக் கொடுப்பது என் வேலை. விரதம் வேண்டுமானால் இனி நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அதற்கும் அவள், “ஒங்களுக்கு மட்டும் ரத்தத்துல என்ன உப்பளமா இருக்கு?” என்று கேட்டு மறுத்துவிட்டாள்.

கூடத்தில் இன்றும் ஞாயிறுதோறும் பாடுகிறோம். அம்மையார் என் மனைவியின் அருகிலேயே அமர்ந்து, அவள் குவளையைத் தம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறார். ஆனால் அன்று வந்தது அருள்தான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. குறி கேட்ட பெண்மணியின் மகன் உண்மையிலேயே கடல் கடந்து வேலைக்குப் போய்விட்டான்; இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும் என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. சொம்பை நீட்டிய என் கை அன்று தானாக நின்றதை, அறிவு தெளிவதற்குள் உடம்பு அஞ்சியதை, இரவுகளில் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்தக் கூடத்தில் அன்று அவன் இறங்கியது உண்மையென்றால், என் அச்சமாகவே இறங்கினான் என்று நம்பித்தான் இன்றும் அவன் முன்னால் கைகூப்பி நிற்கிறேன்.